கோத்தகிரிச் சரிவில் பத்து நாள்

முதுகலை மானிடவியலில் மூன்றாம் பருவம் வந்தால் களப்பணி கட்டாயம். ஓர் ஊரில் பத்து நாள் தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, அந்த மக்களோடு பழகி, திரும்பி வந்து அறிக்கை எழுத வேண்டும். நாங்கள் பதினொரு பேர், கூட எங்கள் மேடம். அங்கே தினமும் இரவில் எழுதியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி நாள்வாரியாக இங்கே போடுகிறேன்.

ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இருக்காது. எங்கள் துறையில் இது பழைய வழக்கம். மானிடவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கம் தங்கி ஆராய்ந்த ஊருக்கு ராம்புரா என்று மாற்றுப் பெயர்தான் வைத்தார். எனக்கு மாற்றுப் பெயர் வைக்கவும் மனம் வரவில்லை. கோத்தகிரியிலிருந்து கீழே இறங்கும் சரிவில் உள்ள ஓர் இருளர் ஊர். இதற்கு மேல் அடையாளம் வேண்டாம்.

நவம்பர் 10, திங்கள்

மேட்டுப்பாளையத்தில் ரயிலை விட்டு இறங்கியபோதே தூறல். ஆறரை மணிக்கு வேன் வந்தது. குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். நீலகிரிக்குள் வெளிவண்டிகள் நுழைய இ-பாஸ் வேண்டும் என்பது 2024 மே மாதத்திலிருந்து நடைமுறை. ஓட்டுநர் அண்ணன் எடுத்து வைத்திருந்த பாஸ் அவருடைய இன்னொரு வண்டிக்கானது. புதிதாக எடுக்கலாம் என்றால் போனில் சிக்னல் வந்து வந்து போனது. ஒன்றேகால் மணி நேரம் நின்றோம்.

அந்த நேரத்தில் பைகளைத் திறந்து பிளாஸ்டிக் பாட்டில்களை எடுத்துக்கொண்டார்கள். பதினொரு பேரிடமும் சேர்த்து ஒன்பது பாட்டில். சோதனை செய்த அக்கா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "மேல போனா தண்ணிக்கு இடம் இருக்கு, ஸ்டீல் பாட்டில் வாங்கிக்கோங்க" என்று மட்டும் சொன்னார். பக்கத்துக் கடையில் வரட்டீ 12 ரூபாய். குளிருக்கு இரண்டு குடித்தேன்.

வளைவுகள் ஏற ஏற மூடுபனி. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே காய்கறி, அரிசி, பருப்பு வாங்கிக்கொண்டு மறுபடி கீழே இறங்கினோம். தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து மூட்டைகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து இரண்டு கிலோமீட்டர் நடை. யாரும் கேட்காமலே ஊரிலிருந்து நாலு பையன்கள் வந்து அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

சமுதாயக் கூடத்தில் தங்கல். ஒரே அறை. நடுவில் சேலையைக் கட்டிப் பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று பிரித்துக்கொண்டோம். ராத்திரி மேடம் சொன்ன முதல் விதி: "நாளைக்கு யாரும் நோட்டு எடுத்துட்டுப் போகக் கூடாது. கேள்வியும் கேக்கக் கூடாது. போய் உக்காருங்க."

நவம்பர் 11, செவ்வாய்

கேள்வி கேட்காமல் உட்கார்வது எவ்வளவு கடினம் என்று இன்றுதான் தெரிந்தது. இரண்டு வருடமாக நேர்காணல் பற்றிப் படித்தவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பஸ் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும் என்பதுபோல் எதையாவது கேட்க வாய் துறுதுறுத்தது.

காலை எட்டு மணிக்கெல்லாம் ஊர் காலி. காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போய்விட்டார்கள். வீட்டில் இருந்தது வயதானவர்கள், கைக்குழந்தைகள், நாய்கள். கடைசி வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நானும் என் தோழியும் போய் நின்றோம். நிமிர்ந்து பார்த்தார். "சர்வேயா?" என்றார்.

இல்லை பாட்டி, படிக்க வந்திருக்கிறோம் என்றேன்.

"எல்லாரும் படிக்கத்தான் வர்றாங்க. போன மாசம்கூட ஒரு கூட்டம் வந்து எழுதிக்கிட்டுப் போச்சு. கக்கூஸ் இருக்கா, கேஸ் இருக்கான்னு கேட்டாங்க. சொன்னோம். போயிட்டாங்க."

அதற்கு என்ன பதில் சொல்வது? தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ள பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருப்பது ஆறு சமூகங்களை: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரும் இந்த ஒரு மாவட்டத்தில் இருக்கிறார்கள். அதனால் நூறு வருடத்துக்கு மேலாக எழுதுகிறவர்கள் இங்கே வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த வரிசையில் நாங்களும் ஒரு கூட்டம். நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து அவரையை உரிக்க ஆரம்பித்தேன். பாட்டி தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தோலை இந்தப் பக்கம் போடு கண்ணு, ஆட்டுக்கு ஆகும்" என்றார்.

மதியச் சாப்பாட்டை மகளிர் குழுவில் சமைத்துத் தருகிறார்கள், ஆளுக்கு 80 ரூபாய். ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கிய துவையல். களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று ஒரு சின்னப் பெண் எனக்குச் செய்து காட்டினாள். சாயங்காலம் வரை பசிக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

இன்று குடும்பக் கணக்கெடுப்பு. மொத்தம் முப்பத்து நாலு வீடு. அச்சடித்த படிவம்: குடும்பத் தலைவர், வயது, படிப்பு, தொழில், நிலம், குழந்தைகள். நானும் தோழியும் ஆறு வீடு முடித்தோம். மற்றவர்களும் அப்படித்தான். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல்தான் ஆட்கள் திரும்பினார்கள். பகல் முழுக்கக் கூலி வேலை செய்துவிட்டு வந்து, அடுப்பு மூட்ட வேண்டிய நேரத்தில் எங்களுக்குப் பதில் சொன்னார்கள். ஒரு அக்கா விறகை ஊதிக்கொண்டே பதினெட்டுக் கேள்விக்கும் பதில் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. நாளை முதல் ஆட்களின் வேலை நேரத்துக்கு எங்கள் வேலையை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

வயது கேட்பது தனி வேலை. வயதானவர்கள் பலருக்குப் பிறந்த வருடம் தெரியாது. ஆதார் அட்டையில் பாதிப் பேருக்கு ஜனவரி 1 என்று போட்டிருக்கிறது. அதனால் நிகழ்வுகளை வைத்துக் கணக்கிட வேண்டும். இந்திரா காந்தி சுடப்பட்டபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, எம்ஜிஆர் இறந்தபோது மூத்த பையன் நடந்தானா என்று கேட்டு, 1984, 1987 என்று ஆணி அடித்து வருடங்களைக் கண்டுபிடிப்போம். 2009 நவம்பர் நிலச்சரிவு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைச் சொல்லும்போது எல்லோரும் ஒரு தடவை வெளியே சரிவைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அவரை உரித்த பாட்டியின் வீட்டிலும் படிவம் நிரப்பினேன். குழந்தைகள் எத்தனை? "நாலு." எழுதினேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

நவம்பர் 13, வியாழன்

காப்பி பறிக்கப் போனேன்.

மகளிர் குழு அக்கா ஒருவரிடம், "நானும் கூட வரட்டுமா? கூலி வேண்டாம்" என்று கேட்டேன். அவர் தோட்டத்து மேஸ்திரியிடம் சொல்லி அழைத்துப் போனார். இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிவிட்டார்கள். சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும், பச்சையைத் தொடக் கூடாது. கொத்தை வேகமாக உருவினால் மொட்டு போய்விடும், அடுத்த வருடம் காய்க்காது. முதல் ஒரு மணி நேரத்தில் என் பையில் அடிகூட நிறையவில்லை. அக்காவுடைய பை இரண்டு தடவை நிறைந்து கொட்டியாகிவிட்டது.

அட்டை கடித்தது தெரியவில்லை. கணுக்காலில் ரத்தம் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஒரு பெண் இடுப்பிலிருந்து சின்னத் துணி முடிச்சை எடுத்துத் தடவினார். உள்ளே மூக்குப்பொடியும் உப்பும். எல்லோரிடமும் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது.

பறிக்கும்போது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். படிவம் வைத்துக்கொண்டு ஆறு வீட்டில் கேட்டதைவிட இந்த நாலு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது அதிகம். யார் யாருக்குக் கைமாற்றுக் கொடுத்திருக்கிறார்கள், யாருடைய பையன் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து தீபாவளிக்கு வரவில்லை, எந்த வீட்டில் காட்டுமாடு புகுந்து அவரைப் பந்தலை மேய்ந்தது. நாள் கூலி 400 ரூபாய். மழை வந்து மதியமே நிறுத்தினால் பாதிதான். படிவத்தில் "தொழில்: கூலி" என்று ஒற்றைச் சொல்லில் எழுதியிருந்தேன். மேகம் கறுக்கும்போதெல்லாம் அவர்கள் ஏன் வானத்தைப் பார்க்கிறார்கள் என்பது அந்தச் சொல்லில் இல்லை.

இன்று மதியம் ஒன்றரைக்கு மழை வந்துவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி

நாள் முழுக்க மழை. யாரும் வேலைக்குப் போகவில்லை. நாங்களும் யார் வீட்டுக்கும் போகவில்லை. கூலி போன நாளில் போய்க் கேள்வி கேட்கக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார்.

நவம்பர் 15, சனி

என் களக் குறிப்பேடு நனைந்துவிட்டது.

நேற்று ராத்திரி கூடத்தின் ஜன்னல் பக்கம் ஒழுகியிருக்கிறது. தலைமாட்டில் வைத்திருந்த பை முழுக்க ஈரம். ஜெல் பேனாவில் எழுதிய மூன்று நாள் குறிப்பு நீலக் கறையாகக் கிடந்தது. பென்சிலில் எழுதிய ஓரக் குறிப்புகள் மட்டும் அப்படியே இருந்தன. களத்தில் பென்சிலில் எழுதுங்கள் என்று கிளம்பும் முன்பே மேடம் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. அழுதுவிட்டேன்.

மேடம் பக்கத்தில் உட்கார்ந்து சீனிவாஸின் கதையைச் சொன்னார். 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். பல வருடம் உழைத்து ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் ஒரே இடத்தில் இருந்தன, மூன்றும் எரிந்தன. அதன் பிறகு அவர் நினைவிலிருந்தே அந்த ஊரைப் பற்றி எழுதினார். 1976இல் வந்த அந்த நூல்தான் அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் விரும்பிப் படிப்பது. கதையை முடித்துவிட்டு, "இன்னும் வெளிச்சம் இருக்கு, ஞாபகம் இருக்கும்போதே எழுது" என்று தன் பென்சிலைக் கொடுத்தார்.

எழுத உட்கார்ந்தேன். படிவத்தின் எண்கள் எதுவும் ஞாபகத்தில் இல்லை. அவை தோழியின் படிவத்தில் பத்திரமாக இருந்தன. எனக்கு ஞாபகம் வந்தது விறகை ஊதிய அக்காவின் கண் கலங்கியிருந்தது, பாட்டி "நாலு" என்று சொல்லும் முன் கொஞ்சம் நிறுத்தியது. அந்த நிறுத்தம் எனக்கு அன்றைக்குப் படவே இல்லை. புதன்கிழமைக் குறிப்பில் அது இருந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

மதியம் வெயில். காட்டுப் பாதையில் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு நடந்தோம். எது எங்கே விளைகிறது, எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்று நடந்துகொண்டே குறித்துக்கொள்ளும் பயிற்சி. முந்நூறு அடி தள்ளி நாலு காட்டுமாடு. பெரியவர் கையை மட்டும் தாழ்த்திக் காட்டினார். எல்லோரும் அப்படியே நின்றோம். அவை எங்களைப் பார்த்தன, மேய்ந்தன, பத்து நிமிடம் கழித்துத் தேயிலைக்குள் இறங்கின. "அதுக்கும் வழி வேணும்ல" என்றார். அவர் தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து எங்கள் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு துண்டு.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் ஊர் வரைபடம். கூடத்துக்கு முன்னால் மண்ணில் கோலப்பொடியால் ஊர்க்காரர்களே வரைவது. ஆண்கள் ரோட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். பெண்கள் குறுக்கே வந்து ஊற்றிலிருந்து ஆரம்பித்தார்கள். இரண்டும் நடுவில் சந்திக்கவில்லை, அழித்து மறுபடி போட்டார்கள். குழந்தைகள் நாய் இருக்கும் வீடுகளையெல்லாம் குறித்தார்கள். இறந்தவர்களைப் புதைக்கும் இடத்தை யாரும் சொல்லாமலே ஒரு தாத்தா குச்சியால் வட்டம் போட்டுக் காட்டினார். படம் எடுத்து முடிக்கவும் தூறல் விழவும் சரியாக இருந்தது.

மதியம் பாட்டி வீட்டில் வம்சாவளிப் படம்.

நீலகிரிக்கும் இந்தப் படத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன கேம்பிரிட்ஜ் குழுவில் இருந்தார். அங்கேதான் ஒவ்வொருவரின் தாய், தந்தை, உடன்பிறந்தோர் பெயர்களைக் கேட்டு எழுதி, அதிலிருந்து சமூகத்தின் அமைப்பையே படிக்கும் முறையை உருவாக்கினார். பிறகு 1901-02இல் இதே மலைக்கு வந்து தோடர்களிடம் அந்த முறையைப் பயன்படுத்தினார். தோடர்கள் தங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரைத் தாங்களே சொல்ல மாட்டார்கள். அதனால் ஒருவரின் முன்னோர் பெயர்களை வேறொருவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்தப் படங்களோடு அவருடைய நூல் 1906இல் வெளிவந்தது. இன்று நாங்கள் அந்தப் படத்தைக் குறியீடுகளால் வரைகிறோம்: ஆண் முக்கோணம், பெண் வட்டம், கல்யாணம் இரட்டைக் கோடு, இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு.

பாட்டியின் அப்பா, அம்மா, அத்தைமார், மாமன்மார் என்று ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் தாள் சிக்கலாகிவிட்டது. மாமன் மகனைக் கட்டியவர், அவர் தங்கையை இவர் தம்பி கட்டியது, அவர்கள் மகள் மறுபடி இந்த வீட்டுக்கே வந்தது. கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போயின. நான் அழிப்பானைத் தேடுவதைப் பார்த்துப் பாட்டி, "இதுல என்ன சிக்கல்? எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு" என்றார். வகுப்பில் மூன்று வாரம் படித்ததை அவர் மூன்று சொல்லில் சொல்லிவிட்டார்.

அவருடைய குழந்தைகள் வரிசைக்கு வந்தோம். மூத்தவன், இரண்டாவது மகள், அப்புறம் என்று இழுத்தார். அப்புறம் அடுத்தவர்களுக்குப் போய்விட்டார். நாலு வந்தது. நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைக் கேட்டார்: "உன்னோடதச் சொல்லு. உன் தாத்தாவோட அப்பா பேரு என்ன?"

தெரியவில்லை. அப்பா வழியில் தாத்தா பெயரோடு நின்றுவிட்டது. அம்மா வழியில் பாட்டியின் பெயர் தெரியும், பாட்டிக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. "எங்களத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்க, உன் வீட்டுல கேக்கலியா?" என்றார். குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே ஆச்சரியம்.

சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான கல்வெர்ட்டுக்கு நடந்து போய் அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். கைபேசி வெளிச்சத்தில் எழுதிக்கொண்டேன். என் பாட்டிக்கு ஒரு தங்கை இருந்தாளாம். ஏழு வயதில் அம்மை வந்து இறந்துவிட்டாள். "உங்க பாட்டி சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னால அவ பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க, நாங்க யாரையோன்னு நெனச்சோம்" என்றார் அம்மா. இருபத்து மூன்று வருடத்தில் இதை நான் கேட்டதே இல்லை.

இரவுக் கூட்டத்தில் பாட்டியின் அந்த இழுப்பைப் பற்றிச் சொன்னேன். இதுவும் தோடர்களைப்போல் பெயர் சொல்லாத வழக்கமாக இருக்குமோ என்று கேட்டேன். மேடம் தலையாட்டி மறுத்தார். "தோடர் விதியை இருளர் வீட்டுல கொண்டுபோய் வைக்காத. அவங்க ஏற்கனவே தன் அப்பா அம்மா பேரச் சொன்னாங்கல்ல? காரணத்த நீயா எழுதாத. காத்திரு."

நவம்பர் 17, திங்கள்

எங்கள் திட்டத்தில் குழந்தைகளின் உயரம், எடை எடுப்பதும் இருந்தது, ஊட்டச்சத்து பற்றிய பகுதிக்காக. பெட்டியிலிருந்து அளவுகோலை எடுத்ததும் ஒரு பெரியவர் வந்து, "தலையை அளக்கவா?" என்று கேட்டார். அவருடைய தாத்தா காலத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தலையையும் மூக்கையும் அளந்துகொண்டு போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறார்.

அது வெறும் கதை இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்த மலைகளிலும் அப்படி அளந்தார். அவரும் கே. ரங்காச்சாரியும் சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் அந்த எண்கள் இருக்கின்றன. நாங்கள் அதைப் பாடமாகப் படித்தோம். அளக்கப்பட்டவர்களின் பேரன் முன்னால் அளவுகோலோடு நிற்பது வேறு.

மேடம் அங்கேயே முடிவெடுத்தார். கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார். அறிக்கையில் அந்தப் பகுதி இருக்காது. மதிப்பெண் குறையுமா என்று ஒருவன் கேட்டான், குறையாது என்றார். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

கடைசி முழு நாள். நல்ல வெயில், நல்ல குளிர். பாட்டி திண்ணையில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

கேட்டுவிட்டேன் பாட்டி என்று ஆரம்பித்து, எங்கள் வீட்டு வரிசையைச் சொன்னேன். கொள்ளுத்தாத்தா பெயர், அவர் ஊர், அவர் இரண்டு கல்யாணம் செய்தது. என் பாட்டியின் தங்கையைப் பற்றியும், ஏழு வயதில் போனதையும், கடைசியில் என் பாட்டி அவளைக் கூப்பிட்டதையும் சொன்னேன். முறம் நின்றது.

"எனக்கும் ரெண்டு போச்சு" என்றார்.

மூன்றாவதாக ஒரு பெண். நடக்க ஆரம்பித்துவிட்டாள். எம்ஜிஆர் போனதற்கு முந்தின வருடத்து மழையில் காய்ச்சல் வந்தது. ரோடு அப்போது இன்னும் மேலேயே நின்றிருந்தது. தோளில் தூக்கிக்கொண்டு பாதி தூரம் ஏறியபோது தோளிலேயே போய்விட்டாள். அடுத்தது ஒரு பையன், மூன்று நாள் இருந்தான். அவனுக்குப் பெயர் வைக்கவில்லை.

ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "ரேஷன் கார்டுக்குக் கேட்டாங்க, ஓட்டுக்குக் கேட்டாங்க, வர்றவங்க எல்லாரும் எத்தன பேரு இருக்கீங்கன்னுதான் கேக்கறாங்க. இருக்கறது நாலுதானே."

என் படிவமும் அப்படித்தான் கேட்டது. பிறந்த எல்லோரையும், பிறந்த வரிசையில், ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் இறந்த குழந்தைகள் விட்டுப்போகும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். படிவத்தைத் தயார் செய்தபோது அந்தக் கேள்வி இல்லாததை நாங்கள் பதினொரு பேரும் கவனிக்கவில்லை. இன்று மாலை முப்பத்து நாலு வீட்டுக்கும் மறுபடி போவதா என்று பேசினோம். அப்படி ஒரே மாலையில் அள்ளிக்கொண்டு வரும் விஷயம் இல்லை இது என்று முடிவானது. படிவத்தில் குறை இருந்தது என்று அறிக்கையில் அப்படியே எழுதப் போகிறோம்.

பாட்டி படத்தைக் கேட்டார். "எனக்கு ஒண்ணு குடு. நான் போனப்புறம் இவங்களுக்கு யாரு யாருன்னு தெரியாது." பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக, ஸ்கேல் வைத்து, பென்சிலில் வரைந்தேன். திண்ணையில் பேரப்பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு தங்கள் முக்கோணத்தையும் வட்டத்தையும் தேடினார்கள். பெண்ணின் பெயரைப் பாட்டி என் காதில் சொன்னார். அவருடைய தாளில் எழுதினேன். "உன் நோட்டுல வேண்டாம்" என்றார். சரி என்றேன்.

நவம்பர் 19, புதன்

பதினொரு மணிக்குக் கிளம்பினோம். கூடத்தைக் கழுவிவிட்டோம். மீந்த அரிசியையும் பருப்பையும் மகளிர் குழுவில் கொடுத்தோம். எங்கள் படிவத் தொகுப்பில் ஒரு படியையும் ஊர் வரைபடத்தின் பெரிய பிரதியையும் ஊர்ப் பெரியவரிடம் கொடுத்தார் மேடம். அறிக்கை முடிந்ததும் தமிழில் ஒரு படி அனுப்புவதாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதை அனுப்பும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஜனவரி கடைசி வரை தவணை.

மூட்டை தூக்க மறுபடி அதே பையன்கள் வந்தார்கள். பாட்டி ஒரு காகிதப் பொட்டலத்தில் அவரை விதை கொடுத்தார், உங்க அம்மாகிட்டக் குடு என்று. உள்ளே சுவரில், சாமி படங்களுக்குக் கீழே, காலண்டர் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்.

கோத்தகிரியில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கால் கிலோ வர்க்கி 60 ரூபாய். சூடாக இருந்தது, பாதியை அங்கேயே தின்றுவிட்டோம். மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. பத்து நாளாகப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றினேன்.

ரயிலில் எல்லோரும் தூங்கிய பிறகு, காய்ந்து மொரமொரவென்று ஆகியிருந்த குறிப்பேட்டில் நேற்றைய பக்கத்தை முடித்தேன். மூன்றாவது இடத்தில் ஒரு வட்டம், அடுத்து ஒரு முக்கோணம், இரண்டின் மேலும் சாய்கோடு. பெயர் இல்லை. வட்டத்துக்குக் கீழே, "1986, மழைக்காலம். நடக்க ஆரம்பித்திருந்தாள்."